வெள்ளிக்கிழமை இருமல்

செருப்பை அங்கனயே கழத்திப் போட்டுட்டு வாம்மா. வா, உள்ள வா. உக்காரு… ஏ, அதுல வேண்டாம். அது ரூபி நாற்காலி. அவளுக்கு ஃபேனுக்கு நேர் கீழ இருக்கணும், இல்லேன்னா வேர்த்து ஊத்தும். இந்தா, இதுல இரு. பாரு, எத்தனை கிடக்கு. நாற்காலிக்கா இந்த வீட்டுல பஞ்சம்?

இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா. நாலு மணிக்கு ஜெபக்கூட்டம். அதான் பெருக்கி, ஜமுக்காளம் விரிச்சு, நாற்காலி போட்டு, சுக்குக்காப்பியும் வச்சாச்சு. நீ குடி. வாரவங்களுக்கு வேணுமேன்னு பாக்காத, அண்டா நிறைய இருக்கு. குடி.

வீட்டைப் பாக்கலாம்மா, வீடு எங்க எந்திரிச்சு ஓடப்போவுது? மாடி முழுக்க உனக்குத்தான். தனிப்படி. தண்ணி எந்நேரமும் வரும். சாவி இந்தா, என் மடியிலதான் இருக்கு. வாடகையெல்லாம் நீயா பாத்துச் சொல்லு, நான் வாடகைக்காக விடல. மேல ஒரு நடமாட்டம் இருந்தாப் போதும். வாளிய நகட்டுத சத்தம், கதவச் சாத்துத சத்தம், ஏதாவது ஒண்ணு. எங்க சார் போனதுல இருந்து இந்த வீட்டுல சத்தம் போடுதது நானும் ஃபிரிட்ஜும்தான்.

சார்னா என் வீட்டுக்காரர். டிரில் மாஸ்டர். ஊரே சார்னு கூப்பிட்டுது, நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிட்டேன். என் பேரு பியூலா. நீ சுகந்தின்னுதான போன்ல சொன்ன, கண் ஆஸ்பத்திரியில வேலைன்னு? நல்ல பேரு.

உனக்கு முன்னாடி மேல ஒரு வாத்தியார் குடும்பம் இருந்தாவ. நல்ல மனுஷங்க. திடீர்னு ஒருநாள் வந்து, "டிரான்ஸ்பர் ஆயிட்டுக்கா"ன்னாவ. எனக்கு அழுகையே வந்துட்டு. கட்டுச்சோறு கட்டிக்கொடுத்து அனுப்புனேன். அடுத்த வாரம் காய்க்கடையில நிக்கேன், அந்த வாத்தியார் பொண்டாட்டி நிக்கா. பின்னால தெருவுக்குத்தான் டிரான்ஸ்பர் ஆயிருக்கு.

எதுக்குப் போனாவன்னு எனக்கு இன்னைவரைக்கும் தெரியாது. அந்த வாத்தியார் குடியை விடணும்னு நான் எவ்வளவு பாரத்தோட ஜெபிச்சேன் தெரியுமா? வெள்ளிக்கிழமை தவறாம. பேர் சொல்லி.

உனக்கு இதெல்லாம் புதுசா இருக்கும். நீ கோயிலுக்குப் போற பிள்ளைதான? அதனால என்ன, எல்லாரும் ஆண்டவருக்குப் பிள்ளைதான். சொல்லுதேன் கேளு. எங்க பெண்கள் கூட்டத்துல என்ன வழக்கம்னா, மொதல்ல பாட்டு. பொறவு ஜெபக்குறிப்பு. யாருக்கு என்ன கஷ்டம்னு சொல்லுவாவ. பொறவு எல்லாரும் கண்ணை மூடிருவோம். வட்டமா உக்காந்து, ஒருத்தி முடிச்சா அடுத்தவ, அப்படியே சங்கிலி மாதிரி வாய்விட்டு ஜெபிக்கணும். கடைசியா வீட்டுக்காரி. அது நான்.

மத்தவங்க எப்படி ஜெபிப்பாவ? இரு, அப்படியே சொல்லுதேன். கேலி பண்ணுதேன்னு நினைக்காத. கேலி பண்ணுதது பாவம். ஒருத்தர் சொன்னத மாத்திச் சொல்லுததும் பாவம். அதனால அவங்க குரல்லயே சொல்லிருவேன், பொய் சேராதுல்லா. ஐயரம்மா, அதாவது பாதிரியார் வீட்டம்மா, பூனை பால் குடிக்க மாதிரி: "ஆண்டவரே… எல்லாரையும்… ஆசீர்வதியும்… ஆமென்." முடிஞ்சுது. எந்த எல்லாரையும்? என்னன்னு ஆசீர்வதிக்க? ரூபி மூக்காலயே ஜெபிப்பா: "ம்ம்… சுகம் தாங்கப்பா… ம்ம்… பெலன் தாங்கப்பா…" கடையில கடன் கேக்க மாதிரி. ஆண்டவர் பாவம், என்னத்தைக் கொடுப்பாரு, எவ்வளவு கொடுப்பாரு?

நான் விவரமா சொல்லிருவேன். பேரு, தெரு, எந்த ஆஸ்பத்திரி, என்ன வியாதி, எப்ப இருந்து. "பியூலாக்கா, ஆண்டவருக்கு விலாசம் தெரியாதா?"ன்னு ஐயரம்மா ஒருநாள் கேட்டாவ. நான் சொன்னேன், "அம்மா, இந்த ஊர்ல ஷைனின்னு எத்தனை பிள்ளைங்க இருக்கு? சுகம் தப்பான ஷைனிக்குப் போயிட்டா?"

சிரிக்கியா? சிரி, சிரி. சிரிச்சா நல்லாத்தான் இருக்க.

பரிசுத்தம்னா என்னம்மா? ஞாயித்துக்கிழமை வெள்ளைச்சேலை கட்டி முன் பெஞ்சுல உக்காருததா? திங்கக்கிழமை காலையில பால்காரன்கிட்ட எப்படிப் பேசுதோம், அதுல இருக்கு பரிசுத்தம். எங்க பால்காரன் தண்ணி கலந்தான். தெருவுல மத்தவளா இருந்தா கிழிச்சுத் தோரணம் கட்டியிருப்பா. நான் ஒரு வார்த்தை திட்டல. வாசல்லயே அவன் தலையில கையை வச்சு, "ஆண்டவரே, இந்தத் தண்ணி கலக்கிற பாவத்துல இருந்து இந்த மகனை விடுதலையாக்கும்"னு கண்ணீரோட ஜெபிச்சேன். தெருவே நின்னு பாத்துது. இப்ப நான் பாக்கெட் பால்தான் வாங்குதேன். அவன் வாரதில்ல.

ஆனா பாரு, என் ஜெபத்துக்கு சாத்தான் வீட்டுக்குள்ள இருந்தே தடை கொண்டுவந்தான். எங்க சாருக்கு இருமல். மத்த நாள் ஒண்ணும் கிடையாது. வெள்ளிக்கிழமை மட்டும். அவர் உள்ரூம்ல பேப்பர் படிச்சிட்டு இருப்பாரு. நான் பொதுவா ஜெபிக்க வரைக்கும் சும்மா இருப்பாரு. ஒரு ஆளோட பேரை எடுத்தேன்னா போதும், "க்ஹும்." விவரத்துக்குப் போனேனா, "க்ஹும், க்ஹும்." கொஞ்சம் உள்விவரம் வந்துட்டுதுன்னு வையி, ரூமே அதிரும். நான் வெரசா ஆமென் சொல்லிட்டு சொம்புத் தண்ணியோட ஓடுவேன். போய்ப் பாத்தா மனுஷன் கல்லுமாதிரி உக்காந்திருப்பாரு. "ஒண்ணுமில்ல, போ"ம்பாரு. கஷாயம், ஆவி, தூதுவளை, எல்லாம் பாத்தாச்சு. டாக்டர் படம் எடுத்துப் பாத்துட்டு, நெஞ்சு சுத்தமா இருக்குன்னுட்டாரு. "டாக்டர், வெள்ளிக்கிழமை மட்டும் இருமுதாரே"ன்னேன். டாக்டர் எங்க சார பாத்தாரு, எங்க சார் டாக்டரைப் பாத்தாரு. படிச்சவங்களுக்கே பிடிபடாத வியாதி.

ரூபி யாருன்னு சொல்லலியே. அந்தா, மதிலுக்கு அந்தப்பக்கம் பச்சை ஜன்னல் தெரியுதுல்லா, அவதான். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கு அந்த மதிலுக்கு மேல ஒரு கை வந்துது. கையில ஒரு கிண்ணம் மீன்குழம்பு. முகமே தெரியல. "ஏட்டி புதுப்பொண்ணு, பிடி, கை சுடுது"ன்னு குரல் மட்டும். அன்னையில இருந்து சிநேகிதம். அவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தப்ப… இது தெருவுல யாருக்கும் தெரியாது, நீயும் யார்கிட்டயும் சொல்லிராத… அப்ப ஆஸ்பத்திரியில கூட இருந்தது யாரு? நான். மூத்திரப்பை மாத்துனது யாரு? நான். கஞ்சி ஊட்டி, தலை வாரி, கூடப்பிறந்தவ செய்வாளா அப்படி? அதைச் சொல்லிக்காட்டல. செய்யணும், செஞ்சேன்.

அவ இளைய மக ஷைனிக்கு மாப்பிள்ளை பேசுனாவ. நல்ல இடம். எல்லாம் கூடி வந்த நேரத்துல, ரூபி துவைக்க கல்லுப் பக்கத்துல நின்னு அழுதா. அந்தப் பிள்ளைக்குச் சின்னதுல வலிப்பு உண்டும். இப்ப இல்ல, சுத்தமா நின்னுட்டு. இருந்தாலும் தாய் மனசு. "ஏட்டி பியூலா, உன்னை நம்பித்தான் சொல்லுதேன். ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறந்துராத." நான் அவ கையைப் பிடிச்சு சத்தியம் பண்ணேன். புறம் பேசுததும் கொலையும் எனக்கு ஒண்ணுதான். எந்த மனுஷர்கிட்டயும் சொல்லமாட்டேன்னேன். சொல்லல. இன்னைவரைக்கும் ஒரு மனுஷர்கிட்ட சொல்லல.

ஆண்டவர்கிட்ட மட்டும்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை. கூட்டத்துல.

சொல்லாம எப்படிம்மா இருக்க முடியும்? சிநேகிதி பிள்ளைக்கு ஒரு கஷ்டம், அதை ஆண்டவர்கிட்ட மறைச்சா அதுக்குப் பேரு சிநேகமா? "ஆண்டவரே, எங்கள் பக்கத்து வீட்டு ரூபியின் மகள் ஷைனி, பி.காம்., சிறுவயதில் இருந்த வலிப்பு கல்யாணத்துக்குப் பிறகு திரும்பாதபடி…" எங்க சார் அன்னைக்கு இருமுனாரு பாரு! இருமல் இல்ல அது, வேட்டு. நாற்காலிய வேற தள்ளிவிட்டாரு. நான் விடல. சாத்தானே அப்பாலே போன்னு இன்னும் சத்தமா ஜெபிச்சேன். முடிச்சுக் கண்ணைத் திறந்தா, வாசப்பக்கத்து நாற்காலியில ஒரு புது அம்மா. சாயர்புரத்துல இருந்து வந்தவங்களாம். மாப்பிள்ளைக்கு அத்தையாம். கையில இருந்த சுக்குக்காப்பிய அப்படியே கீழ வச்சாவ, "நல்ல ஜெபம்"னு சொன்னாவ, எந்திரிச்சுப் போனாவ.

நீயே சொல்லு. கண்ணை மூடினவளுக்கு யாரு உள்ள வந்தான்னு எப்படித் தெரியும்?

அந்த சம்பந்தம் நின்னுட்டு. நின்னது நல்லதுக்குத்தான். வலிப்புன்னு ஒரு சொல்லைக் கேட்டு ஓடுத குடும்பத்துல பிள்ளையைக் கொடுத்து என்ன செய்ய? கர்த்தர் என்னைக் கொண்டு அந்தக் கதவை அடைச்சிருக்காரு. இதை ரூபிகிட்ட போய்ச் சொன்னேன், ஆறுதலா இருக்கட்டும்னு. அவ என்னைப் பாத்தா. உள்ள போயிட்டா. அன்னையில இருந்து அந்த மதிலுக்கு மேல ஒரு கையும் வரல. துக்கத்துல இருக்கா, தன்னால சரியாயிருவான்னு நானும் விட்டுட்டேன்.

பொறவு எங்க சார் போயிட்டாரு. இருமலெல்லாம் இல்ல. நெஞ்சுவலி. காலையில பேப்பர் கையில இருந்தபடியே. ரூபி வந்தா. அவர் கால்மாட்டுல ரொம்ப நேரம் உக்காந்திருந்தா. "சாரே, நீங்க இருக்கும்போது எவ்வளவோ பாத்துக்கிட்டிய"ன்னு அவர்கிட்ட சொல்லி அழுதா. என்கிட்ட ஒண்ணும் சொல்லல. என்னத்தைப் பாத்துக்கிட்டாருன்னு எனக்குப் புரியல. பிள்ளைகளுக்கு டிரில் சொல்லிக்கொடுத்தத சொன்னாளா இருக்கும்.

நாப்பதாம் நாள் கழிச்சு மறுபடி வெள்ளிக்கிழமைக் கூட்டம் வச்சேன். எல்லாரும் வந்தாவ, ரூபியைத் தவிர. எனக்கு மனசு நிறைஞ்சுபோச்சு. அன்னைக்கு என் ஜெபம் ஆறு மாதிரி ஓடுது. ஒரு தடை இல்ல, ஒரு இருமல் இல்ல. தெருத்தெருவா, வீடு வீடா, ஒருத்தர் விடாம எடுத்து ஜெபிக்கேன். யாரு மகன் யாரு பின்னால சுத்துதான், யாரு வீட்டுல சீட்டுப்பணம் போச்சு, எல்லாத்தையும் அவர் பாதத்துல வைக்கேன். ஒரு சத்தம் இல்ல. குண்டூசி விழுந்தா கேக்கும். இதுதான் பரிசுத்த பிரசன்னம்னு எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்குது. அப்படி ஒரு அமைதி. ஆமென்னு சொல்லிக் கண்ணைத் திறந்தேன்.

ஒருத்தரும் இல்ல.

நாற்காலி இருக்கு. ஃபேன் சுத்துது. ஐயரம்மா பாட்டுப்புஸ்தகத்தைக்கூட எடுக்காம போயிருக்காவ. பூனை மாதிரி வந்தவங்க, பூனை மாதிரியே போயிருக்காவ. எல்லாருக்கும் ஒரே நேரத்துல ஏதோ சோலி வந்திருக்கு.

மகன் இருக்கான். டேனி. துபாய்ல. ஞாயித்துக்கிழமை வீடியோவுல வருவான். நான் ஜெபிக்க ஆரம்பிச்சா முகம் அப்படியே அசையாம நிக்கும். கண்ணுகூட இமைக்காது. அவ்வளவு பக்தி. "நெட்வொர்க் அத்தை"ன்னு மருமக சொல்லுதா. அவளுக்கு என்ன தெரியும்.

கேளு… இரு, பேசாத. ஆரம்பிச்சிட்டாவ.

கேக்குதா? பாட்டு. ரூபி வீட்டுல இருந்துதான். இப்பக் கூட்டம் அங்கதான் நடக்கு. எனக்கு யாரும் சொல்லல, சொல்ல மறந்திருப்பாவ. ஆனா கூட்டம் இங்கதான், ரூபி வீட்டுல தற்காலிகமா. அதான் நானும் வாராவாரம் நாற்காலி போட்டு வைக்கேன், தற்காலிகம் முடிஞ்சுதுன்னா வருவாவல்லா. அதுவரைக்கும் நான் அடுப்படிப் படியில மதிலோரமா உக்காந்து செகண்ட்ஸ் பாடுவேன். அவங்க பாட்டை மேல பாட, நான் கீழ்க்குரல் எடுத்தா எவ்வளவு எடுப்பா இருக்கும் தெரியுமா? ம்ம்ம்… ம்ம்… போன வாரம் நான் பாட ஆரம்பிச்சதும் பாட்டை மாத்திட்டாவ. அதுவும் எனக்குத் தெரிஞ்ச பாட்டுதான். அதுக்கும் செகண்ட்ஸ் எடுத்தேன்.

என்னம்மா, கண்ணு கலங்குது? காப்பி காரமா?

சொல்லு. இங்க யாரு இருக்கா? நானும் ஆண்டவரும்தான். நீ வந்ததுல இருந்து பாக்கேன், ஒத்தைப் பையை மடியில வச்சு இறுக்கிக்கிட்டே இருக்க. கழுத்து வெறுமையா இருக்கு. முழங்கைக்கு மேல அது என்ன கன்னிப்போயிருக்கு? சேலையை இழுத்து மூடாத மக்கா, நானும் பொம்பளைதான்.

…ஐயோ.

…ம்.

…எவ்வளவு நாளா?

…நல்லது செஞ்ச. வந்தது நல்லது செஞ்ச. இல்ல மக்கா, நான் யார்கிட்ட சொல்லப்போறேன்? அவன் தேடுதான்னா தேடட்டும். உன் ஆஸ்பத்திரியில இருந்து கேட்டாலும் சரி, உன் அண்ணன்னு சொல்லிட்டு எவன் வந்தாலும் சரி, இந்த பியூலா வாயில இருந்து ஒரு வார்த்தை வராது. எங்க சார் மேல சத்தியம். புறம் பேசுததும் கொலையும் எனக்கு ஒண்ணு. சொன்னேன்லா?

சாவியை வச்சுக்கோ. வீட்டைப் பாக்கவே வேண்டாம், உனக்குத்தான். ராத்திரிக்கு இட்லி அவிக்கேன், கீழ வந்து சாப்பிடு. தனியா சாப்பிட்டு எனக்கு நாக்கே செத்துப்போச்சு. எந்திரி. இங்க வா. இதுல உக்காரு. ஆமா, ரூபி நாற்காலியிலதான். உக்காரு. வேர்த்துருக்குல்லா உனக்கு.

நல்லா இருக்கு. ரொம்ப நாளாச்சு இதுல ஒரு ஆளைப் பாத்து.

ஒரு சின்ன ஜெபம் பண்ணட்டுமா? உன் பாரத்தை இறக்கி வச்சிருவோம். நீ ஒண்ணும் செய்யவேண்டாம், கண்ணை மட்டும் மூடிக்கோ. கடைசியில ஆமென் சொல்லு, போதும். நான் இங்க ஜமுக்காளத்துல உக்காந்து கொஞ்சம் சத்தமா ஜெபிக்கேன். ஜன்னல் திறந்துதான் இருக்கு, அந்தப்பக்கமும் திறந்திருக்கு. அவங்களும் சேர்ந்து ஆமென் சொன்னா உனக்கு இன்னும் பலம். எங்க எல்லாருக்கும் நீ பிள்ளை மாதிரி.

எங்கள் அன்பின் பரலோகப் பிதாவே! இந்த மாலை வேளைக்காக உமக்கு ஸ்தோத்திரம். இதோ, உம்முடைய பிள்ளை சுகந்தி. கண் ஆஸ்பத்திரியில், கண்ணாடி எழுதிக் கொடுக்கிற பிரிவில் வேலை பார்க்கிற சுகந்தி, ஆண்டவரே! புருஷனுடைய அடி தாங்காமல் ஒற்றைப் பையோடு ஓடிவந்திருக்கிறாள். அவன் இவளைத் தேடி அலைகிறான். இவள் இருக்கிற இடம் ஒரு மனுஷனுக்கும் தெரியக்கூடாது ஆண்டவரே! எங்கள் வீட்டு மாடியில், தெற்குப் பக்கத்துப் படி வழியாக ஏறுகிற அந்த மாடியில், இவளை மறைத்துக் காத்தருளும்!

பாட்டு நின்னுட்டு. ஆண்டவரே, அங்கே பாட்டு நின்னுட்டு. கேக்குதாவ! ரூபி கேக்குதா! எத்தனை நாளைக்கு அப்புறம் என் ஜெபத்தைக் கேக்குதாவ, உமக்கு ஸ்தோத்திரம்! இவளுடைய கையிலுள்ள காயத்தைப் பாரும், இடது முழங்கைக்கு மேலே…

இருமுதியா மக்கா? இரு, முடிச்சிட்டுத் தண்ணி தாரேன். ஆண்டவரே, இவளுடைய நெஞ்சையும் தொடும். விடாமல் இருமுகிறாள் ஆண்டவரே. எங்கள் சார் இருமினதைப்போலவே இருமுகிறாள். இந்த வியாதி இந்த வீட்டிலே எங்கே இருந்து வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை. நீர் அறிவீர். காலையில் எட்டரை மணிக்கு இவள் வேலைக்குப் புறப்படுகையிலும், மாலையில் தனியே நடந்து திரும்புகையிலும்…

நாற்காலி நகருது. முழங்கால் போடுதாளா இருக்கும். ஸ்தோத்திரம்.

அது ரூபி வீட்டு ஜன்னல். சாத்துதாவ. காத்து அடிக்கும்போல.

வாசல் கேட்டைத் திறக்குத சத்தம் கேக்குது ஆண்டவரே. பால்காரனா இருக்கும்.

பால்காரன் வாரதில்லைல்லா.

சுகந்தி? மக்கா, இடையில ஒரு ஆமென் சொல்லு. சத்தமா வேண்டாம். உனக்கு வழக்கமில்லைனா "ம்"னு சொன்னாப் போதும்.

…அமைதியா இருக்கு ஆண்டவரே. ரொம்ப அமைதி. ஃபேன் சத்தம் மட்டும் கேக்குது. உம்முடைய பிரசன்னமாத்தான் இருக்கணும். என் கைக்குப் பக்கத்துல ஜமுக்காளத்துல ஏதோ குளிர்ச்சியாத் தட்டுப்படுது. சாவி மாதிரி இருக்கு. சாவியா என்னன்னு நான் பாக்கல. நான் கண்ணைத் திறக்கமாட்டேன். ஆமென்னு சொன்னாத்தான கண்ணைத் திறக்கணும்? நான் இன்னும் ஆமென் சொல்லல. இன்னும் எத்தனையோ பேர் இருக்காவ ஜெபிக்க. ரூபி இருக்கா. ஷைனி இருக்கா. அந்த வாத்தியார் பொண்டாட்டி இருக்கா, பின்னால தெருவுல.

யாராவது ஒருத்தர் இருமினா நிறுத்திருவேன் ஆண்டவரே. ஒரே ஒரு இருமல். சொம்புல தண்ணி மோந்து வச்சிருக்கேன். கொண்டுபோய்க் கொடுக்கதுக்கு நான் எந்திரிக்கணும்லா.